சேற்றுக்கோட்டுக்குக் கண்ணாடி

ஆறு ஊருக்குள் வந்தபோது யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. வடிந்தபோது யாரிடமும் சொல்லிக்கொண்டு போகவில்லை. போகிற போக்கில் எல்லா வீட்டுச் சுவரிலும் நெஞ்சு உயரத்துக்கு ஒரு சேற்றுக்கோடு இழுத்துவிட்டுப் போனது. இருக்கிறவன், இல்லாதவன் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே உயரத்தில் கோடு போட்டது அது ஒன்றுதான். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை.

அந்தத் தெருவில் படங்களுக்குச் சட்டம் அடித்துக் கண்ணாடி போடுகிறவர் ஒருவர் இருந்தார். கண்ணாடிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். முன் அறை கடை, நடு அறை வீடு, பின்னால் சமையலறை. வெள்ளம் கடையிலிருந்த கண்ணாடித் தகடுகளை நொறுக்கி, மரச்சட்டங்களை ஊறவைத்துக் கோணலாக்கி, கடைசியில் சமையலறைப் பின்சுவரையும் ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போயிருந்தது. சுவர் விழவில்லை. குடித்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கிறவன் மாதிரி, விழுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு சாய்ந்து நின்றது.

அவருடைய மனைவிக்கு இளைப்பு. ஈரம் சுத்தமாக ஆகாது. அவளை அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார். அது ஒற்றை அறை வீடு. அதில் ஏற்கெனவே ஆறு பேர்.

"சுவரக் கட்டிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன். அடுத்த மழைக்குள்ள கட்டிடலாம்" என்றார்.

இந்தக் கதை முழுக்க அவர் கேட்டது அவ்வளவுதான். அரண்மனை கேட்கவில்லை. அடுத்த மழைக்கு முன்னால் ஒரு சுவர்.

வீட்டுக்குத் திரும்பி வாளியையும் துடைப்பத்தையும் எடுத்தார். தெருவே அப்போது கழுவிக்கொண்டிருந்தது. முதல் வாளித் தண்ணீரை அவர் தூக்கியதுதான் தாமதம், மைத்துனன் வாசலில் வந்து நின்றான்.

மைத்துனன் என்பது உறவுக்குச் சொல்கிற பேர். மனைவியின் தம்பி, தாய் தகப்பன் போன பிறகு அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன். இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அவனைத்தான் பிள்ளையாக வளர்த்தார்கள். கண்ணாடித் தூள் காலில் குத்தும் என்று கடைக்குள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டே வேலை பார்த்திருக்கிறார் மனிதர். படிக்க வைத்தார். இப்போது இடர் மீட்பு நிதி அலுவலகத்தில் அவன் தற்காலிக ஊழியன். கழுத்தில் அட்டை தொங்கியது.

"மாமா, கழுவாதீங்க. வாளியக் கீழ வைங்க."

"ஏன்டா?"

"கோடு போச்சுன்னா சேதம் போச்சு. அலுவலகத்துல அளக்க வருவாங்க. கோடு இல்லாத வீட்டுல வெள்ளம் வரலன்னு எழுதிடுவாங்க."

"தெருவே முங்கிச்சேடா. நீயும்தான் பார்த்தே."

"நான் பார்த்தது கணக்குல வராது மாமா. நான் தற்காலிகம்."

வாளியைக் கீழே வைத்தார். பக்கத்து வீட்டு இஸ்திரிக்காரம்மா மட்டும் கேட்கவில்லை. தேய்த்துக் கழுவி, கடன் வாங்கிச் சுண்ணாம்பு அடித்து, அடுப்பு பற்றவைத்துவிட்டாள். "கோட்ட வச்சுக்கிட்டு நான் என்ன கோலமா போடப் போறேன்?" என்றாள். தெருவில் பாதிப் பேர் அவள் கட்சி. மீதிப் பேர் கொஞ்ச நாள் சேற்றோடு காத்திருந்துவிட்டு, நாற்றம் தாங்காமல் அவள் கட்சிக்கு மாறினார்கள். கடைசிவரை அசையாமல் இருந்தவர் கண்ணாடிக்காரர் ஒருத்தர்தான். சொன்னது தன் வீட்டுப் பிள்ளை. அவன் பேச்சைக் கேட்காமல் வேறு யார் பேச்சைக் கேட்பது?

அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவழியாக வந்தார். அளவு நாடாவைச் சுவரில் பிடித்தார். கோட்டைக் கிட்டப்போய்ப் பார்த்தார், எட்டப்போய்ப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"கலப்படமில்லாத சேதம்" என்றார். "மத்த வீடெல்லாம் போய்ப் பாருங்க. பாதி சேதம், பாதி சுண்ணாம்பு. வெள்ளம் பண்ணுனது எது, வீட்டுக்காரன் பண்ணுனது எதுன்னு எப்படிப் பிரிக்கிறது? ஜனங்களுக்குப் பொறுப்பே இல்ல சார். தண்ணி வடிஞ்ச உடனே கழுவுறாங்க."

பரீட்சையில் பிள்ளை முதலாவதாக வந்ததைக் கேட்ட தகப்பன் மாதிரி கண்ணாடிக்காரர் நெளிந்தார். "அந்தப் பின்சுவரு சார், சாயுது" என்று மெல்ல எடுத்துச் சொன்னார்.

"ஆமா, அருமையா சாயுது" என்று மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மைத்துனன் ஓட்டமாக ஓடி வந்தான். "மாமா, நம்ம வீடு தேர்வாயிடுச்சு."

"சுவரு கட்டவா?"

"அதவிடப் பெருசு."

அலுவலகம் மேட்டில் இருந்தது, எந்த வெள்ளமும் எட்டாத இடத்தில். ஆபத்தைப் பற்றி நிதானமாக யோசிக்க அப்படியொரு இடம் வேண்டும்தான். கூட்ட அரங்கில் குளிர்சாதனம் ஓடியது. கண்ணாடிக்காரரை முதல் வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். அலுவலகத்தின் இயக்குநர் அம்மா எழுந்து பேசினார். பழுதில்லாத குரல், இரக்கம் அதில் சரியான அளவில் கலந்திருந்தது.

"சுவர் கட்டுறது பெரிய விஷயமில்ல. செங்கல் இருந்தா யார் வேணும்னாலும் கட்டலாம். ஆனா சேதத்த யாரால உண்டாக்க முடியும்? இயற்கையால மட்டும்தான் முடியும். அப்படிக் கிடைச்ச சேதத்த இந்த ஊர் ஜனங்க அலட்சியமா சரி பண்ணிட்டாங்க. நிதி தர்றவங்க தூரத்துலேர்ந்து வர்றாங்க. வந்து பார்த்தா எல்லாரும் வீட்டுல சமைச்சிட்டிருக்காங்க. எனக்கு எவ்வளவு தலைகுனிவு தெரியுமா? சேதம் இல்லன்னா நிதி வராது. நிதி வரலன்னா எப்படிச் சரி பண்றது? அதனால சரி பண்ணணும்னா, முதல்ல யாரும் எதையும் சரி பண்ணாம இருக்கணும். இத இந்த ஊர்லயே புரிஞ்சு வச்சிருக்கிற ஒரே குடிமகன் இவர்தான்."

அரங்கம் கை தட்டியது. கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்த மைத்துனன் பக்கம் குனிந்து, "என்னடா சொல்றாங்க?" என்றார்.

"உங்க வீடு இனிமே மாதிரிச் சேத வீடு மாமா."

"அப்ப சுவரு?"

"புரியலன்னா பரவாயில்ல. கை தட்டுங்க."

தட்டினார். பாட்டில் தண்ணீர் சட்டையில் கொட்டியது.

மாதிரிச் சேத வீடு என்றால் சும்மாவா? வாசலில் பலகை வைத்தார்கள். பலகை விழாமலிருக்க நல்ல சிமெண்டில் மேடை கட்டினார்கள். அந்தச் சிமெண்டைப் பார்த்துக் கண்ணாடிக்காரர் பெருமூச்சு விட்டார். அது நல்ல சிமெண்டு. அவர் சுவருக்கும் அது ஒட்டியிருக்கும். அடுத்ததாக, பார்க்க வருகிறவர்களின் கை பட்டுச் சமையலறைப் பின்சுவரின் கோடு உதிர்ந்துவிடக் கூடாதென்று அதற்கு ஒரு கண்ணாடி போடத் தீர்மானம் ஆயிற்று.

"உங்கள விட்டா யாரு மாமா?" என்றான் மைத்துனன்.

யானை தன் தலையிலேயே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். யானைக்காவது அது குளிர்ச்சி. இவர் தன் வீட்டுச் சேற்றுக்குத் தானே அளவெடுத்தார். வைர முனையால் கண்ணாடியில் கோடு கிழித்து, விளிம்பில் தட்டிப் பிசிறில்லாமல் முறித்தார். நல்ல மரத்தில் சட்டம் இழைத்து, மூலைகளைச் சரிபாதிக் கோணத்தில் சேர்த்து, கல்யாணப் படத்துக்குக்கூட அப்படிச் செய்ததில்லை என்கிற மாதிரி மாட்டினார். வேலை என்று வந்துவிட்டால் அவருக்குக் கை கோணாது. அது அவருடைய குணம். அந்தக் குணத்தை நம்பித்தான் உலகத்தில் பல அலுவலகங்கள் நடக்கின்றன.

"கூலிய உங்க நிவாரணத்துலயே கழிச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க" என்றான் மைத்துனன்.

"நிவாரணம் எப்ப வரும்?"

"கூலிக் கணக்கு முடிஞ்சதும்."

வெயில் காலம் வந்தது. சுவர் காய ஆரம்பித்ததும் கோடு வெளுத்தது. அலுவலகம் பதறிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டார்கள். மருந்தடிக்கிற கைப்பம்பு ஒன்றை வாங்கி, வாரம் தவறாமல் சுவரின் பின்பக்கத்தில் தண்ணீர் அடிக்க ஏற்பாடு செய்தார்கள். ஈரம் இறங்க இறங்கக் கோடு மறுபடி பளிச்சென்று ஆனது. சுவரும் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

கண்ணாடிக்காரர் முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமலே, மேட்டுக்கு நடந்துபோய் இயக்குநர் அம்மாவின் முன்னால் நின்றார். "அம்மா, சுவரு ஊறுதும்மா. அடுத்த மழைக்கு நிக்காது. என் சம்சாரம் அக்கா வீட்டுல கெடக்குறா. தண்ணி அடிக்கிறத மட்டுமாவது நிறுத்தச் சொல்லுங்க."

இயக்குநர் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுவர் விழுந்துடும்னு உங்களுக்குத் தெரியுது, இல்லையா?"

"தெரியுதும்மா."

"ராத்திரி தூக்கம் வர்றதில்ல?"

"வர்றதில்லம்மா."

"அதுக்குப் பேர்தான் இடர் விழிப்புணர்வு. எத்தன வருஷமா, எத்தன முகாம் போட்டு, எத்தன துண்டறிக்கை அடிச்சு ஜனங்களுக்கு அத வரவைக்கப் பாடுபடறோம் தெரியுமா? உங்களுக்குத் தானா வந்துடுச்சு. இப்பப் போய்ச் சுவரக் கட்டிட்டா நீங்க நிம்மதியா தூங்கிடுவீங்க. அப்புறம் அந்த விழிப்புணர்வு என்ன ஆகும்?"

மறுநாள் சுவரைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். 'இந்தச் சுவர் விழக்கூடும்' என்று எழுதிய அட்டையும் மாட்டினார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை எல்லோரும் கேட்டிருக்கிறோம். இந்த ஓநாய் அழுததோடு நிற்காமல் ஆட்டுக்கு அட்டையும் மாட்டியது.

அந்த வாரம் அவர் மனைவியைப் பார்க்கப் போனார். அவளுடைய பாய் அறை நடுவிலிருந்து நகர்ந்து நகர்ந்து குளியலறைக் கதவோரத்துக்கு வந்திருந்தது.

"அக்கா எதாவது சொல்றாங்களா?"

"அக்கா ஒண்ணும் சொல்றதில்ல. பாத்திரம்தான் சொல்லுது" என்றாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு, "தம்பி அங்கதானே வேலை பார்க்கிறான்? அவன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"அவன்தான் எல்லாம் பார்த்துக்கிறான்."

"அப்பச் சரி. அவன் விட்டுட மாட்டான்" என்றாள்.

அவன் விடவில்லைதான். பார்வையாளர்கள் வர ஆரம்பித்ததும் மைத்துனன் விளக்க உரையாளர் ஆனான். அலுவலக முத்திரை போட்ட மேல்சட்டை, கையில் ஒரு குச்சி. கண்ணாடி வியர்த்துப் புகை படிந்தால் துடைப்பதற்காகக் கண்ணாடிக்காரர் துணியோடு மூலையில் நிற்பார். முதல் வாரங்களில் மைத்துனன் "இந்த வீட்டுக்காரர்" என்று சொல்லிக் கதையைத் தொடங்கினான். கூட்டம் கொட்டாவி விட்டது. போகப்போக அது "எங்க குடும்பம்" ஆனது. ஒரு நாள், தூரத்திலிருந்து வந்திருந்த பெரிய குழு ஒன்றின் முன்னால், குச்சியைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு அவன் சொன்னான்:

"இது என் வீடு. அன்னைக்குத் தண்ணி இங்க, என் நெஞ்சு வரைக்கும் நின்னுச்சு. எங்க அக்காவுக்கு மூச்சு முட்டுது. நான்தான் அவங்களத் தோள்ல தூக்கிக்கிட்டு இந்த வழியா நீந்திப் போனேன். எங்களுக்குன்னு வேற யாருமே இல்ல."

குழுவிலிருந்த ஒரு அம்மா கைக்குட்டையை எடுத்தார்.

நடந்தது என்னவென்றால், அன்றைக்குத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர் மூலையில் துணியோடு நின்றுகொண்டிருந்தார். மைத்துனன் அன்று மேட்டில், 'வெள்ளத்தை எதிர்கொள்வது எப்படி' என்கிற பயிற்சியில் இருந்தான். சாப்பாடும் அங்கேயே.

கைக்குட்டை அம்மா மூலையைப் பார்த்தார். "அந்தப் பெரியவர் யாரு?"

மைத்துனன் திரும்பிப் பார்த்தான். ஒரு கணம் திணறினான். அந்த ஒரு கணத்துக்காகவாவது அவனைக் கொஞ்சம் நல்லவன் என்று சொல்லலாம். பிறகு சொன்னான்: "அவரு நம்ம ஆளுதான். கண்ணாடி தொடைக்கிறவரு."

வளர்த்த கடா மார்பில் பாயும் என்று பழமொழி சொல்லிவிட்டுப் போய்விடும். பாயும்போது எங்கே வலிக்கும் என்று அது சொல்வதில்லை. கண்ணாடிக்காரருக்குக் கை வலித்தது. துணியைப் பிடித்திருந்த கை. குழு போன பிறகும் அவர் அந்தக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் இருவரும் தனியாக இருந்தபோது மைத்துனனே பேச்சை எடுத்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மாமா. நீங்கன்னு சொன்னா யாரும் அழ மாட்டேங்கிறாங்க. நான்னு சொன்னாத்தான் அழறாங்க. அழுதாத்தான் நிதி."

"நிதி வந்தா சுவரு கட்டுவாங்களாடா?"

"எல்லாம் பேசிட்டிருக்கேன் மாமா."

"நீ சொன்னியேன்னுதான் நான் கழுவல" என்றார் கண்ணாடிக்காரர். அடுத்த வீட்டில் இஸ்திரிக்காரம்மா குழம்பு தாளிக்கிற சத்தம் கேட்டது. "அழுக்க வெளுக்கிறது என் பொழப்பு, அழுக்க வச்சுப் பொழைக்கிறது உங்க மச்சினன் பொழப்பு" என்று அவள் முன்பொரு நாள் சொன்னபோது, அவர் அவளோடு சண்டைக்குப் போயிருந்தார்.

மேகம் கூட ஆரம்பித்தது. ஒரு நாள் காலையில் மைத்துனன் வந்து, "மாமா, பெரிய குழு நிதி தந்துடுச்சு. மழைக்கு முன்னாடி சுவருக்குப் பாதுகாப்பு பண்ணணும்னு இயக்குநர் அம்மா கையெழுத்துப் போட்டுட்டாங்க. கொத்தனாருங்க நாளைக்கு வர்றாங்க" என்றான்.

கண்ணாடிக்காரர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணாடி துடைக்கிறவர் என்றதெல்லாம் அந்த நொடியே கரைந்துவிட்டது. மனிதர் அப்படித்தான், ஏமாறுவதற்கென்றே பிறந்த மாதிரி ஒரு நெஞ்சு. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாகப் போய் மனைவியை அழைத்துக்கொண்டு கிளம்பினார். அக்காவின் பாத்திரங்கள் அன்றைக்குத்தான் சத்தமில்லாமல் இருந்தன. துணி மூட்டையை இவர் தூக்கிக்கொள்ள, அவள் வழியெல்லாம் நின்று நின்று மூச்சு வாங்கியபடி, "அவன் விட்டுட மாட்டான்னு நான் சொல்லல?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

தெரு முனையிலேயே இயந்திரச் சத்தம் கேட்டது. வாசலில் லாரி நின்றது. உள்ளே போனால், கூரைக்கு இரண்டு இரும்புக் குழாய் முட்டுக்கொடுத்துவிட்டு, கொத்தனார்கள் பின்சுவரைக் கட்டிக்கொண்டிருக்கவில்லை, அறுத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றுக்கோடு இருந்த பகுதியைக் கண்ணாடியோடும் சட்டத்தோடும் இரும்புக் கூட்டில் இறுக்கி, பெயர்த்து வெளியே எடுத்தார்கள். மீதிச் சுவர் யாருக்கும் சிரமம் வைக்காமல் தானாகவே விழுந்தது.

இயக்குநர் அம்மா வாசலில் குடையோடு நின்று சொன்னார்: "மழை வருது. இந்த இடம் அந்தச் சுவருக்குப் பாதுகாப்பில்ல. எப்ப வேணும்னாலும் வெள்ளம் வரலாம். தெரிஞ்சும் அத இங்க விட்டு வைக்க எங்க மனசாட்சி இடம் கொடுக்கல. மேட்டுல அதுக்குன்னு ஒரு அறை கட்டியிருக்கோம். ஈரமே ஏறாது."

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். அவருக்கு முன்னால் மனைவி பேசினாள். இயக்குநர் அம்மாவிடம் இல்லை. லாரியில் ஏறிக்கொண்டிருந்த தம்பியிடம்.

"டேய், நீ வளர்ந்த வீட்டுச் சுவருடா அது."

"அதனாலதான்கா நானே கூடப் போறேன்" என்றான் அவன். குரலில் உண்மையான பாசம் இருந்தது. "வேற யாரையும் நம்பி விட முடியுமா? அங்க வச்சதும் சொல்லி அனுப்புறேன், வந்து பாருங்க. எனக்கு வேலை நிரந்தரமாயிடுச்சுக்கா. குடும்பத்துக்கு அனுமதி இலவசம்."

சுவர்த் துண்டை லாரியில் படுக்கவைக்கப் போனார்கள். கண்ணாடிக்காரர் தன்னை அறியாமல் கத்திவிட்டார். "படுக்கப் போடாதீங்க. குலுங்கினா உடைஞ்சிடும். நிக்க வச்சுக் கொண்டுபோங்க." நிறுத்திவைத்தார்கள். மைத்துனன் நன்றியாகத் தலையை ஆட்டிவிட்டு, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். லாரி கிளம்பியது. முனை திரும்புகிறவரை கண்ணாடிக்காரர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் கண் கண்ணாடியை விட்டு அசையவே இல்லை.

மழை அன்றே பிடித்துக்கொண்டது. சமையலறையில் சுவர் இருந்த இடத்தில் பின்தெரு தெரிந்தது. அவர் மூட்டையை அவிழ்த்துப் போர்வையை எடுத்து, ஆணி அடித்து மாட்டப் பார்த்தார். இரு பக்கமும் செங்கல் ஊறிப் பொடியாக உதிர்ந்தது, ஆணி நிற்கவில்லை. கடைசியில் ஒரு முனையை அவர் பிடித்துக்கொண்டார், மறு முனையை அவள் பிடித்துக்கொண்டாள். சாரல் கொஞ்சம் குறைந்தது. அவளுக்கு மூச்சு விசில் அடித்தது.

"நீ விட்டுடு. போய் முன் அறையில உக்காரு" என்றார்.

அவள் விடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வண்டி திரும்பறப்ப அவன் நம்மளத் திரும்பிப் பார்த்தானா? எனக்குக் கண்ண மறைச்சுடுச்சு" என்று கேட்டாள்.

"பார்த்தான்" என்றார் அவர், போர்வையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டு.